மூன்றாவது பாட்டில் பற்கள்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவலாளிக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் மாற்றிக்கொள்ளாமல் முப்பத்தாறு வயது வரை ஓட்டிவிட்டேன். அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்னமும் அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பேன்.

நான் பல் மருத்துவர். திங்கள், புதன், சனியில் கிள்ளானில், துணிக்கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் ஒரு கிளினிக்கில் வேலை. மற்ற நாட்களில் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மேற்படிப்பு ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பல்லில் ஒட்டிய அடைப்பு ஏன் சில வருடங்களில் கழன்று விழுகிறது, விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. கிளினிக்கில் பாதிப் பேர் வந்து கேட்பதும் இதைத்தான். "டாக்டர், போன வருஷம்தானே அடைச்சீங்க?"

விஷயம் இதுதான். அடைப்பை ஒட்டுவதற்கு முன் பல்லின் மேல் கொஞ்சம் அமிலம் தடவிக் கழுவுவோம். அப்போது பல்லுக்குள் இருக்கும் நுண்ணிய நார்கள் வெளியே தெரியும். ஒட்டுப்பசை அந்த நார்களுக்குள் புகுந்து இறுகிக்கொள்ள வேண்டும். ஆனால் அமிலம் பட்டதும் பல்லிலேயே சும்மா கிடந்த நொதிகள் விழித்துக்கொண்டு அந்த நார்களை மெல்ல மெல்ல அரித்துத் தின்னும். நார் போனால் பிடிப்பும் போச்சு. பசை தடவுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒரு கிருமிநாசினி நீரைத் தடவினால் அந்த நொதிகளை அடக்கி வைக்கலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் இங்கே கிளினிக்கில் பயன்படுத்தும் பசையோடு அது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அதற்குப் பிடுங்கிய பற்கள் வேண்டும். பிடுங்கிய பல் கடையில் விற்பதில்லை. கிளினிக்கில் கடைவாய்ப் பல் பிடுங்க வருபவர்களிடம் சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கி, பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மருந்து நீரில் போட்டு, வாரா வாரம் அந்த நீரை மாற்றி, மூன்று பாட்டில்களில் சேர்த்துக் கொடுத்தது எங்கள் உதவியாளர் அக்கா. கிள்ளானுக்கு அப்பால் இருக்கும் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அந்த கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம். பட்டயம் எதுவும் கிடையாது. நான் படித்துப் பட்டம் வாங்கி முதல் நாள் எதுவும் தெரியாமல் அங்கே நின்றபோது, எந்த ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணாலேயே காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

பாட்டிலுக்கு எட்டாக இருபத்து நான்கு பற்கள். பாதிக்குக் கிருமிநாசினி நீர், பாதிக்கு வெறும் தண்ணீர். எல்லாவற்றையும் ஒட்டி, தீக்குச்சியை விட மெல்லிய துண்டுகளாக அறுத்து, சில துண்டுகளை ஓரிரு நாளிலேயே சோதித்துவிட்டு, மீதியை உடல் சூட்டில் தண்ணீரில் ஒரு வருடம் ஊறப் போட்டேன். ஒரு வருடம் என்றால் ஒரு வருடமேதான். அவசரப்படுத்த வழியே இல்லை. ஏற்கனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியிருந்தேன். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வருடம் முடிந்த நாள். துண்டின் இரு முனைகளையும் இயந்திரத்தில் ஒட்டி வைத்தால் அது இருபுறமும் மெல்ல இழுக்கும். திரையில் எண் ஏறிக்கொண்டே போகும். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அந்தத் துண்டின் கதை முடிந்தது. அந்தச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் பாட்டில் பற்கள் நான் எதிர்பார்த்தபடியே நடந்தன. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. கிருமிநாசினி தடவியவை தாக்குப்பிடித்தன, தடவாதவை சீக்கிரம் விட்டுக்கொடுத்தன. எழுந்து ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது பாட்டிலின் துண்டுகள் இருந்த குப்பியைத் திறந்தேன். சில துண்டுகள் தண்ணீருக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து கிடந்தன. மீதியை இயந்திரத்தில் வைத்தால் பாதிக்கு மேல் தொட்ட மாத்திரத்தில் டிக், டிக் என்று போயின. கிருமிநாசினி தடவியது, தடவாதது என்ற வித்தியாசமே இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆய்வு கண் முன்னால் உதிர்ந்துவிட்டது. இந்த எண்களையும் சேர்த்தால் நான் நிரூபிக்க நினைத்தது ஒன்றுமே நிற்காது.

மூளை எங்கே போயிற்று தெரியுமா? நேராகக் கிள்ளானுக்கு. முதல் இரண்டு பாட்டில் நன்றாக இருக்கிறது, மூன்றாவது மட்டும் கெட்டிருக்கிறது என்றால் பாட்டிலில்தான் கோளாறு. பாட்டிலைப் பார்த்துக்கொண்டது யார்? அடுத்த பத்து நிமிடத்தில் காரில் இருந்தேன். கூட்டரசு நெடுஞ்சாலை நெடுகிலும் ஜேம், வண்டிகள் நகரவே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அக்காவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஜேம் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு சூடேறியிருக்காது என்று நினைக்கிறேன்.

கிளினிக்கில் காத்திருக்கும் இடம் நிறைய ஆட்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அங்கிள், பிள்ளைகளோடு ஒரு மலாய்க்காரம்மா, பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். அக்கா பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன டாக்டர், இன்னிக்கு உங்க நாள் இல்லயே?"

"மூணாவது பாட்டில்ல என்னத்த ஊத்தினீங்க?"

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பாட்டில்?"

"பல்லு சேர்த்த பாட்டில். எல்லாம் போச்சு. என்ன ஊத்தினீங்கன்னு கேக்கறேன்."

"நீங்க குடுத்த மருந்துத் தண்ணிதான். திங்கக்கிழமையானா மாத்திடுவேன்."

நான் நேராகக் கழுவும் தொட்டிக்குப் போய் அடியில் இருந்த கதவைத் திறந்தேன். பிளீச் என்கிற வெளுப்பு நீர் பாட்டில் ஒன்று அங்கே இருந்தது. அதில் பல்லைப் போட்டால் உள்ளே இருக்கும் நார் கரைந்துபோகும். பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. அந்த பாட்டிலை எடுத்துவந்து மேசை மேல் வைத்தேன்.

"இது என்ன?"

"அது தரை தொடைக்கறது டாக்டர்."

"நாத்தம் அடிக்குதுன்னு இதத்தான் ஊத்திட்டீங்க. உண்மையச் சொல்லுங்க."

"நான் ஊத்தல."

"இருபத்து ரெண்டு வருஷமா இதத்தான் கத்துக்கிட்டீங்களா? ஒரு வருஷம் பாழாப் போச்சு எனக்கு. உங்களால."

இவ்வளவையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கன்னத்தைப் பிடித்திருந்த அங்கிள் வலியை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கீழே மோட்டார் கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கிளினிக்கின் உரிமையாளர் வந்தார். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். இப்ப டிப்ளோமா முடிச்ச பிள்ளைங்க நிறைய வர்றாங்க. இவங்களுக்கு வயசாயிடுச்சு. திங்கக்கிழமை வரட்டும், லெட்டர் குடுத்திடறேன்."

வேலையை விட்டு எடுக்கும் கடிதம். எனக்குக் கொஞ்சம் உறைத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தது அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் புதன்கிழமை அக்கா வரவில்லை. உபகரணங்களை நானே எடுத்து நானே கழுவினேன். இரண்டு முறை தவறான ஊசியை எடுத்தேன்.

வியாழக்கிழமை என் பேராசிரியரைப் பார்த்தேன். நிதானமான பெண்மணி, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, அது ஒன்றும் உலகம் முடிகிற விஷயம் இல்லை என்றார். மூன்றாவது பாட்டிலை விட்டுவிடு, மீதியைக் கொண்டு முடித்துக்கொள், பற்களை கிளினிக் உதவியாளர் முறையாகப் பாதுகாக்காததால் அவை நீக்கப்பட்டன என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடு, போதும் என்றார். ஒரே ஒரு வாக்கியம். மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்த வாக்கியத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுமுன் மூன்றாவது பாட்டிலின் எண்களை ஒருமுறை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அதுவரை அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கவே இல்லை, மொத்தமாகப் பார்த்துத்தான் குதித்திருந்தேன். முதல் பல்லின் துண்டுகள் நன்றாகவே தாங்கியிருந்தன. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது கொஞ்சம் குறைவு. நான்காவது அதைவிடக் குறைவு. இப்படியே இறங்கிக்கொண்டே போய், தண்ணீரிலேயே பிரிந்து கிடந்தவை எல்லாம் ஏழாவதும் எட்டாவதும். நான் ஒட்டிய வரிசை அது.

பாட்டிலில் வெளுப்பு நீர் ஊற்றியிருந்தால் எட்டுப் பல்லும் ஒன்றுபோலக் கெட்டிருக்க வேண்டும். நான் எந்த வரிசையில் ஒட்டுவேன் என்று வெளுப்பு நீருக்கு எப்படித் தெரியும்?

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். தைப்பூசத்துக்கு முதல் நாள். சாலைகளை அடைப்பதற்குள் வீடு சேர வேண்டும், மறுநாள் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று பரபரப்பு. குறிப்பேட்டில் தேதியும் பல் எண்ணும் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அன்றைக்கு ஏதோ படம் எடுத்த ஞாபகம் வந்தது. போனில் தேடினேன். அக்காவுக்கு அனுப்பிய செய்திகளில் இருந்தது. என் மேசையின் படம். எட்டுப் பற்கள் வரிசையாக, அவற்றுக்கு முன்னால் எட்டுச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒட்டுப்பசை ஒரு சொட்டு. 'உங்க பல்லுங்க அக்கா, இன்னிக்கு முடிச்சிடுவேன்' என்று கீழே எழுதியிருந்தேன்.

என் சமையல் அப்படித்தான். வெங்காயம், மிளகாய், அரைத்த மசாலா எல்லாவற்றையும் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். அன்று அவசரத்தில் பசையையும் அப்படி எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பசை நெயில் பாலிஷ் மாதிரி, திறந்து வைத்தால் நிமிடத்தில் கெட்டியாகிவிடும். ஒரு பல்லுக்கு ஒரு சொட்டு, அதுவும் தடவப் போகும் நொடியில்தான் எடுக்க வேண்டும். முதல் வருட மாணவருக்குக்கூடத் தெரியும். எட்டாவது பல்லுக்கு வருவதற்குள் ஒரு மணி நேரமாவது ஓடியிருக்கும். கெட்டிப்பட்ட பசை நாருக்குள் எப்படிப் போகும்? தைப்பூசம் முடிந்து வந்து சோதித்த துண்டுகளிலேயே எண் கொஞ்சம் குறைந்திருந்தது. பல்லுக்குப் பல் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் படத்துக்குக் கீழே அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பக்கத்தில் சின்னப் புள்ளி. ஒரு வருடமாக நான் அதைக் கேட்கவே இல்லை. பத்துமலைக் கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும். இப்போது அழுத்தினேன். பின்னால் கிளினிக்கின் உறிஞ்சும் குழாய் இரைந்துகொண்டிருந்தது.

"டாக்டர், படம் பாத்தேன். நல்லா இருக்கு. ஆனா எல்லாத்தையும் மொத்தமா ஊத்தி வச்சிட்டீங்களா? இங்க நீங்க கை நீட்டினப்புறம்தான நான் சொட்டு விடுவேன், முன்னாடியே விட்டா காஞ்சிடும்னு நீங்கதான சொல்வீங்க. எனக்குத் தெரியல, அங்க வேற மாதிரியா? சும்மா கேட்டேன். சாப்ட்டீங்களா?"

நான் மூன்று முறை கேட்டேன். வெட்கம் என்றால் இதுதான் வெட்கம். முகம் கொதித்தது, ஆனால் திட்ட யாரும் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரமும் தப்பிக்கும் வழியைத்தான் தேடினேன். அந்த வாக்கியத்தை எழுதினால் மாதக் கடைசியில் பட்டம். படம் என் போனிலும் அக்கா போனிலும் மட்டும்தான் இருக்கிறது, அவருக்கு அதன் அர்த்தம் தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார். பெரிய டாக்டர் எப்படியும் அவரை எடுக்கத்தான் நினைத்திருந்தார், நான் ஒரு சாக்குத்தான். இப்படியெல்லாம் ஓடியது புத்தி. வாக்கியத்தைத் தட்டச்சுகூடச் செய்தேன். 'கிளினிக் உதவியாளர்' என்ற இடத்தில் வந்ததும் விரல் நின்றுவிட்டது. காப்பாரிலிருந்து தினமும் லோரிகளுக்கு நடுவே மோட்டாரில் வரும் மனுஷி. திங்கட்கிழமை அவருக்கு வேலை இருக்குமா இல்லையா என்பது இந்த ஒரு வரியில்தான் இருந்தது. அழித்துவிட்டுப் பேராசிரியரை அழைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. உன் தவறு என்றால் முதல் இரண்டு பாட்டிலை மட்டும் நீ சரியாக ஒட்டினாய் என்பதற்கு என்ன ஆதாரம், குறிப்பேட்டில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டார். அப்படியென்றால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்றார். புதுப் பற்கள், புது ஒட்டல், தண்ணீரில் இன்னொரு வருடம். நீட்டிப்புக்கு எழுதிப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அக்கா வரவில்லை. பெரிய டாக்டர் மேசையில் கடிதம் தயாராக இருந்தது. உறையின் மேல் அக்காவின் பெயர். அதைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பயம் என்றும் சொல்லலாம்.

ஞாயிறு காலை காப்பாருக்குப் போனேன். வீட்டு முன்னால் இரும்புக் கதவுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படம், சொட்டு, கேட்காமல் விட்ட குரல். தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுகை வந்தது. அவர் கதவைத் திறந்து உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். நான் குடித்து முடித்தேன்.

"இங்க வந்து சொல்றீங்க," என்றார் பிறகு. "நல்லது. ஆனா அன்னிக்குக் கத்தினது எங்க டாக்டர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் பொய் சொல்றேன்னு ஒருத்தர் சொன்னதில்ல இதுவரைக்கும். அந்த அங்கிள் எங்க பக்கத்து லோரோங்தான், அடுத்த சந்துல இருக்காரு. சாயங்காலமே எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டாரு. பல்லுல பிளீச் ஊத்தினாங்களாமேன்னு." கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். "பெரிய டாக்டர் போன்ல நாளைக்கு வரச் சொன்னாரு, லெட்டர்தான்னு எனக்குத் தெரியும். வாங்கிக்க வரேன். அதுக்கு முன்னாடி சொல்றதா இருந்தா அங்கேயே சொல்லுங்க. எல்லாரும் இருக்கறப்ப."

திங்கட்கிழமை எட்டரைக்கே போய்விட்டேன். ஒன்பது மணிக்குக் காத்திருக்கும் இடம் நிறைந்தது. அன்றைக்கு இருந்தவர்களில் யாரும் இல்லை, எல்லாம் வேறு ஆட்கள். அந்த அங்கிள் மட்டும் இரண்டாம் முறைக்கு வந்திருந்தார். அக்கா படியேறி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றார். பெரிய டாக்டர் உறையோடு வெளியே வந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போன செவ்வாய்க்கிழமை இதே இடத்துல இந்த அக்காவ நான் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். பல்லுல பிளீச் ஊத்தினாங்கன்னு சொன்னேன். அவங்க ஊத்தல. தப்பு பண்ணது நான். என் வேலைய நான் ஒழுங்கா செய்யல. அவங்க அப்பவே எனக்கு எடுத்துச் சொன்னாங்க, நான் காதுல வாங்கல." பிறகு அதையே மலாயிலும் சொன்னேன். மூலையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த உறையை அவர் நீட்ட முடியாது. அங்கிள் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "இவங்க இல்லாட்டி நான் ஊசி போட்டுக்க மாட்டேன்லா டாக்டர்," என்றார். யாரோ சிரித்தார்கள். பெரிய டாக்டர் உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி சரி, வேலையப் பாருங்க," என்று உள்ளே போய்விட்டார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தார். கையுறை போட்டுக்கொண்டு முதல் பெயரைக் கூப்பிட்டார். காலை முழுவதும் நான் கை நீட்டினேன், அவர் சொட்டு விட்டார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், எல்லாம் சரியாகிவிட்டது என்ற தைரியத்தில், மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும். இருபத்து நாலு பல்லு. நீங்க பழையபடி சேர்த்துக் குடுத்தா..."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"கிளினிக் வேலை எது வேணா சொல்லுங்க, செய்யறேன். பல்லு சேர்க்கற வேலைய மட்டும் இனி கேக்காதீங்க டாக்டர். நாளைக்கு அங்க ஏதாவது ஒடஞ்சா மறுபடியும் என் கைதான் உங்களுக்கு மொதல்ல ஞாபகம் வரும்."

வராது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். என்னால் சொல்ல முடியவில்லை.